வெற்று வரி

நாஹிர் ஒலசாபல் கடைசியில் கண்டது
நூற்றுப் பதினேழாம் வரியில்
ஒன்றும் இல்லாததை.

மான்டெவிடியோவில் ஜூலைக் குளிர்.
கடல் என்று பெயர் வாங்காத அந்த அகல ஆறு
கரைச்சுவரை அறைந்துகொண்டிருந்தது.
மாத்தே ஆறிப்போய்க் குழலில் கசப்பு மட்டும் மிச்சம்.
படகுச் சீட்டு விற்கும் கம்பெனியின் மூன்றாம் மாடியில்
இரவு ஒன்றரைக்கு அவள் மட்டும்.

வலது அம்புக்குறியைத் தட்டினாள்.
கர்சர் நகரவில்லை.
மறுபடி. நகரவில்லை.
நாற்பது தட்டு, எழுபது தட்டு.
விரல் சலித்து எண்ணிக்கை விட்டுப்போன பிறகு
அடுத்த வரிக்குத் தாவியது.

அப்படியானால் அங்கே எழுத்துகள் இருந்தன.
அகலம் இல்லாதவை, மை இல்லாதவை.
பாற்குடம் என்றால்
பாலைக் கொண்ட குடம் என்று
சொல்லாமலே விளங்கும் நமக்கு;
நடுவில் உள்ளது தொக்கி நிற்கும்.
அந்த மாதிரிதான் இதுவும் நின்றது.
குடத்தில் இருந்தது மட்டும் வேறு.

அந்த எக்ஸ்டென்ஷனிடம் அவள் கேட்டது சின்ன உதவி:
அடைப்புக்குறிக்கு ஜோடி ஜோடியாய் நிறம்,
திறந்தது எது மூடியது எது என்று கண் தடுமாறாமல்.
மூன்று வருடம் ஒழுங்காகப் பூசியது.
மூன்று வாரத்துக்கு முன் அவள் தூங்கும்போது
தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது.
நிறங்கள் அப்படியே இருந்தன.
சாமர்த்தியம் அதுதான்.

பைசாண்டூவில் இருக்கும் அன்செல்மோவை எழுப்பினாள்.
தூக்கத்திலும் நலம் விசாரிக்கிற ஆள்
முதல் வார்த்தையாக, "வயரைப் பிடுங்கு" என்றான்.

பிடுங்கினாள்.
வரவேற்பறையின் பழைய லேப்டாப்பில் உட்கார்ந்து
சாவிகளை ஒவ்வொன்றாகக் கொன்றாள்.
சர்வர், சீட்டுக் கிடங்கு, வங்கி,
என்றோ மறந்துபோன வரி அலுவலகக் கணக்கு.
விளையாட்டாய் வாங்கிப் போட்ட கிரிப்டோ காசு
ஏற்கெனவே போயிருந்தது. அதற்கு அவள் அழவில்லை.

நாலு மணிக்குத்தான் ஞாபகம் வந்தது,
அவளும் ஒன்று எழுதியிருந்தாள் என்று.
தேதியில் நாளும் மாதமும் இடம் மாறினால்
அடியில் மஞ்சள் கோடு இழுக்கும். அவ்வளவுதான்.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வைத்திருந்தார்கள்.
அதற்கு ஒரு புதிய பதிப்பு வந்திருந்தது,
அவள் பெயரில், அவள் வெளியிடாதது,
செவ்வாய் மாலை,
பல் டாக்டரிடம் வாய் திறந்து அவள் படுத்திருந்த நேரத்தில்.

அதுவரை தன்னைத்
திருட்டுக் கொடுத்தவள் என்றுதான் நினைத்திருந்தாள்.

பதிப்பை இறக்கினாள். எச்சரிக்கை ஒட்டினாள்.
இருநூற்றுப் பன்னிரண்டு என்பது எண்ணிக்கை,
முகவரி இல்லை.
எப்போதோ குறை சொல்லி எழுதிய
ஒன்பது பேரின் விலாசம் மட்டும் இருந்தது.
பாராட்ட நினைத்தவர்கள் யாரும்
விலாசம் விட்டுப்போகவில்லை.

அன்புள்ள ஐயா, என்று தொடங்கி
வழக்கம்போல் ஒரு வரி இடம் விட்டாள்.
விட்ட வரியில் அம்புக்குறியைத் தட்டிப் பார்த்தாள்.
ஒரே தட்டு. தாவியது.
காலி, நிஜமாகவே.

பிறகு எழுதினாள்:
என் பெயரில் வந்ததை நம்ப வேண்டாம்.
எடுத்துப் போட்டால் மட்டும் போதாது,
பூட்டுகளையும் மாற்றுங்கள்.
தவறு என்னுடையது என்று எழுதி, அழித்து,
மறுபடி அதையே எழுதினாள்.

விடியும்போது முதல் பதில் வந்தது,
புன்டா அரேனாஸிலிருந்து ஒரு துறைமுகக் கணக்கர்:
"நன்றி. ஒரே ஒரு சந்தேகம்.
இந்தக் கடிதத்தை எழுதியது
நீங்கள்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு வருடத்துக்கு முன்
பிப்ரவரி முப்பதைப் பற்றிப் புகார் சொன்னீர்களே,
என்று எழுத ஆரம்பித்தாள்.
அந்தப் புகாரும் அதே பெட்டியில்தான் இருந்தது.
அவர்களும் படித்திருப்பார்கள்.

அழித்தாள்.
மாத்தேக்குத் தண்ணீர் சுட வைத்தாள்.
துறைமுக அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைத்
தேடத் தொடங்கினாள்,
தொண்டையைச் செருமிக்கொண்டு.